கான் கழுத்தில் ஒட்டிய வழுவழுப்பு

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் வீட்டை இடித்துத் துரத்திவிட, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இறங்கியபோது வன்னியில், கனகராயன்குளத்தில் எங்களுக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அப்பா அதற்கு முன்பே தோட்டத்தில் காலமாகிவிட்டார். நானும் அம்மாவும் ஒரு துணி மூட்டையும்தான். பெரிய வீதியிலிருந்து காட்டுப் பக்கமாக உள்ளே போகும் மண்பாதையின் முடிவில், எங்களைப்போல வந்த குடும்பங்கள் பற்றைக்காடு வெட்டிக் குடிசை போட்டுக்கொண்டோம். அந்த இடத்தை எல்லாரும் கொலனி என்றார்கள். எங்களைக் கொலனியாக்கள் என்றார்கள்.

அம்மா தோட்டத்தில் இருந்தபோதே, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மாடு கட்டி வளர்த்தவர். கொழுந்து எடுத்துவிட்டு வந்து புல் அறுத்துப் போட்டுப் பால் கறப்பார். வன்னிக்கு வந்து முதல் மழை முடிந்ததும் அவர் கேட்டது காணியை அல்ல, ஒரு பசுக்கன்றை. அது வளர்ந்து ஈன்றது. அதன் கன்றும் ஈன்றது. சில ஆண்டுகளுக்குள் கொலனியில் மாடில்லாத வீடு குறைவு. புல்லுக்கும் குளத்துத் தண்ணீருக்கும் அங்கே பஞ்சமில்லை.

வீதியோரத்தில் ஒரு பால் சங்கம் இருந்தது. தென்னோலைக் கிடுகுக் கூரை, சீமெந்து நிலம், ஒரு நீள மேசை, பின்னால் ஒரு கிணறு. காலையில் எல்லாரும் பாலைக் கொண்டுவந்து ஊற்றுவார்கள். வவுனியாவுக்குப் போகும் லொறி வந்து, பால் நிரப்பிய பெரிய உலோகக் கான்களை ஏற்றிக்கொண்டு போகும். பின்னேரம் வெறும் கான்களைக் கொண்டுவந்து இறக்கும். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நகரப் பள்ளிக்கூடத்திலும் படித்தவள் என்பதால் சங்கத்தில் எனக்கு மேசை வேலை தந்தார்கள். ஒவ்வொருவர் பாலிலும் பால்மானியைவிட்டுத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஒரு கரண்டி பாலை விளக்குச் சுடரில் காய்ச்சித் திரைகிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளை உடுப்புப் போட்ட வேலை இல்லை. ஆனாலும் காலையில் அந்த மேசைக்குப் பின்னால் போய் நிற்கும்போது எனக்கு முதுகு நிமிரும்.

ஒரு பங்குனி மாத வெயிலில்தான் பால் திரும்பி வரத் தொடங்கியது.

லொறி வந்து நின்றது. வெறுங்கான் இறக்கும்போது கேட்கும் சத்தம் கேட்கவில்லை. சாரதி இறங்கிவந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, பின்னால் போய்ப் பாருங்கள் என்றார். மூன்று கான்களின் வயிற்றில் சிவப்புச் சோக்கால் பெருக்கல் குறி போட்டிருந்தது. மூடியைத் திறந்தேன். புளித்த வாடை மூக்கில் அடித்தது. பால் கட்டி கட்டியாகத் திரைந்து, மேலே மஞ்சள் தண்ணீர் நின்றது. கிணற்றடிக்குப் பின்னாலிருந்த பள்ளத்தில் அதை ஊற்றினோம். அத்தனை வீட்டு மாட்டுப் பாலும் மண்ணில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு கொலனிப் பெண்கள் நின்றார்கள்.

அடுத்த நாளும் அப்படித்தான். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். வீதியோரத்தில் எங்களுக்கு முன்பே குடியிருந்த ஆட்களுடைய பாலும் கொலனிப் பாலும் அதுவரை ஒன்றாகத்தான் கலந்து போயின. யார் பால் கெடுகிறது என்று பார்க்கச் சங்கச் செயலாளர் அதைப் பிரித்துவிட்டார். சங்கத்தில் இரண்டு வகைக் கான்கள் இருந்தன. ஒன்று, புதிதாக வந்த அலுமினியக் கான். எங்கும் பொருத்து இல்லாமல் வார்த்தது. மற்றது, சங்கம் தொடங்கிய காலத்தில் எங்கிருந்தோ வந்து சேர்ந்த தகரம் பூசிய இரும்புக் கான். கழுத்தையும் உடம்பையும் மடித்துப் பற்றவைத்திருப்பார்கள். புதிய கான்கள் வீதியோரத்துப் பாலுக்கு, பழைய கான்கள் கொலனிப் பாலுக்கு என்று ஒதுக்கியபோது அதில் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. புதியது முதலில் வந்தவர்களுக்குப் போவது அங்கே வழக்கம். பழைய கான்களில் கறுப்புப் பெயின்றால் ‘கொ’ என்று எழுதியும் விட்டார்கள்.

பிரித்த பிறகு பார்த்தால், திரும்பி வந்ததெல்லாம் ‘கொ’ எழுதிய கான்கள்தான்.

அதன் பிறகு கதைகள் பெருகின. குளத்துத் தண்ணீர் கலக்கிறார்களாம். மாட்டு மடியைக் கழுவுவதில்லையாம். லயத்திலே இருந்து வந்த ஆட்களுக்குச் சுத்தம் எங்கே தெரியும் என்று ஒருவர் மேசைக்கு முன்னால் நின்றே, எனக்குக் கேட்கும்படி சொன்னார். நான் பால்மானியைப் பார்த்தபடி நின்றேன். அம்மா விடியற்காலையில் எழுந்து, தண்ணீரைச் சூடாக்கி, மடியையும் கையையும் கழுவி, வேப்பிலையால் துடைத்துவிட்டுக் கறப்பதை நான் தினமும் பார்த்தவள். அதைச் சொல்லி யாரிடம் நிரூபிப்பது?

செயலாளர் கெட்டவர் அல்ல. ஆனால் வவுனியாவில் சங்கத்தின் பெயர் கெட்டுக்கொண்டிருந்தது. ஒருநாள் காலை, எல்லாரும் பால் ஊற்றிக்கொண்டிருக்கும்போது என்னைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, நான் ஒருதரையும் குறை சொல்லேல்லை. ஆனால் திரும்பி வாறது கொலனிப் பால்தான். கொஞ்ச நாளைக்கு அதை நிப்பாட்டி வைப்பம்.”

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. கொஞ்ச நாள் என்று நிறுத்துவது பிறகு தொடங்குவதற்காக அல்ல. அன்றுவரை பெரியவர்கள் முன்னால் நான் எதிர்த்துப் பேசியதில்லை. ஆனால் சில நாட்களாக மனதுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவர் பாலையும் நான் கரண்டியில் காய்ச்சிப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றினேன். ஒன்றும் திரையவில்லை. மேசையில் நன்றாக இருந்த பால் வவுனியா போவதற்குள் கெடுகிறது. இடையில் அது இருந்த இடம் ஒன்றே ஒன்று.

“ஐயா, எங்க பால என் கையால காய்ச்சிப் பாத்துட்டுத்தான் ஊத்துறேன். இங்க நல்லா இருக்கிற பால் அங்க போறதுக்குள்ள ஏன் கெடுது? கான மாத்திப் பாப்போமுங்க. எங்க பால புதுக் கான்ல ஊத்துவோம். அவங்க பால பழைய கான்ல ஊத்துவோம்.”

சுற்றி நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நல்ல பாலைக் கொண்டுபோய் ஏன் பரீட்சை வைக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டார். செயலாளரும் தலையை ஆட்டினார். யாருடைய பாலைக் கெடுக்கச் சொல்கிறாய் என்றார்.

வரிசையின் கடைசியில் ஓர் அக்கா நின்றார். யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக்குக் கீழே வயல் காணி கிடைத்து வந்து குடியேறிய குடும்பம். நல்ல உயரம். அதிகம் பேசமாட்டார். வீதியோரத்துப் பாலில் நல்ல பங்கு அவர் வீட்டு மாடுகளின் பால்தான். அவர் தன் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையைவிட்டு முன்னால் வந்தார்.

“என்ர பாலைப் பழைய கானிலை ஊத்துங்கோ. கெட்டால் என்ர பால்தானே கெடப்போகுது.”

செயலாளர் அவரைப் பார்த்தார். அக்கா ஒருவருடைய பதிலுக்கும் காத்திருக்காமல் ‘கொ’ எழுதிய கானின் மூடியைத் தானே திறந்து வாளியைக் கவிழ்த்தார். நான் அம்மாவின் பாலையும் பக்கத்து வீட்டுப் பாலையும் அலுமினியக் கானில் ஊற்றினேன்.

அன்று பின்னேரம் லொறி வரும்வரை நான் வீட்டுக்குப் போகவில்லை. அக்காவும் வந்து நின்றார். லொறி வந்தது. சாரதி பின்பலகையைத் திறந்தார். அலுமினியக் கான்கள் எல்லாம் வெறுமையாகக் கலகலவென்று இறங்கின. ‘கொ’ எழுதிய கானில் சிவப்புக் குறி. அக்கா குனிந்து முகர்ந்து பார்த்தார். தன் பால்தான், தன் மாட்டுப் பால்தான், புளித்துப்போய்க் கிடந்தது. அவர் முகத்தில் கவலை இல்லை. செயலாளர் பக்கம் திரும்பி, இப்போது சொல்லுங்கள் என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார்.

தற்செயலாக இருக்கலாம் என்று செயலாளர் சொன்னார். மறுநாள் எந்தப் பாலை எதில் ஊற்றுவது என்று அவரே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டோம். அவர் தன் வீட்டுப் பாலையே பழைய கானில் ஊற்றினார். அதுவும் திரும்பி வந்தது. அவர் நேர்மையான மனிதர். அடுத்த நாள் காலை எல்லாரும் வந்து கூடியபிறகு, குற்றம் மாட்டிலும் இல்லை, கறந்தவர்களிலும் இல்லை, கானில்தான் என்று சத்தமாகச் சொன்னார். அம்மா அப்போது பால் ஊற்றிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் வாளியின் கடைசிச் சொட்டுவரை ஊற்றி முடித்தார். வீட்டுக்குப் போகும் வழியில்தான் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

ஆனால் பாதிதான் வென்றிருந்தோம். பழைய கான்களைத் தூக்கி எறிய முடியாது. புதியது கேட்டால் வருகிறது, வருகிறது என்ற பதில்தான் வரும். அவற்றைச் சுத்தப்படுத்தித்தான் ஆகவேண்டும். அங்கேதான் எல்லாருக்கும் குழப்பம். ஏனென்றால் அந்தக் கான்கள் ஒருநாளும் கழுவாமல் விடப்பட்டவை அல்ல. பெண்கள் முறைவைத்துச் சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துத்தான் வந்தார்கள். பார்த்தால் பளிச்சென்று இருக்கும்.

செயலாளர் கிணற்றுக்குப் போடும் குளோரின் தூள் கொண்டுவந்தார். கண் எரியும் அளவுக்குக் கரைத்துக் கான்களில் ஊற்றி, மறுநாள்வரை மூடி வைத்தோம். பிறகு கழுவி வெயிலில் காயவிட்டோம். புளித்த வாடை போயிருந்தது. இரண்டொரு நாள் பால் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. எல்லாரும் நிம்மதியானோம். அந்த வாரம் முடிவதற்குள் சிவப்புக் குறி திரும்பவும் வந்துவிட்டது. மறுபடி குளோரின் போட்டோம், இன்னும் கூடுதலாக. அதே கதை. இரண்டொரு நாள் நன்றாக இருக்கும், பிறகு கெடும். கொன்றுவிட்டோம் என்று நினைத்த ஒன்று எங்கேயோ ஒளிந்திருந்து எழும்பி வந்தது.

வவுனியாவிலிருந்து ஒரு மிஸ் லொறியில் வந்து இறங்கினா. பால் பரிசோதனைப் பகுதியில் வேலை செய்பவா. திரும்பத் திரும்ப எங்கள் கான்கள் கெட்டுவருவதைக் கண்டு, தானே பார்க்க வேண்டும் என்று கேட்டு வந்திருந்தா. கைக்கடிகாரத்தையும் வளையலையும் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, நாங்கள் அப்போதுதான் கழுவி வைத்த கானுக்குள் தோள்வரை கையை விட்டா. கழுத்து மடிப்பின் உள்பக்கத்தைச் சுற்றி விரலால் தடவினா. பிறகு என்னைப் பார்த்தா.

“நீரும் தடவிப் பாரும்.”

நான் கையை விட்டேன். கானின் வயிறெல்லாம் சுத்தமான தகரம். மேலே ஏறி, கண்ணுக்குத் தெரியாத அந்த மடிப்புக்குள் விரல் போனதும் வழுக்கியது. வெண்டிக்காயை வெட்டிய கத்தியைத் தொட்டதுபோல இருந்தது. நகத்தால் சுரண்டி வெளியே எடுத்தேன். பழுப்பும் மஞ்சளுமாக ஒரு மெல்லிய தோல், நகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். விரலிலிருந்து லேசில் போகவில்லை.

மிஸ் எங்களுக்கு விளங்கும்படி சொன்னா. பாலில் இருக்கும் கிருமிகளைத் தனித்தனியாக மிதந்து திரிபவை என்று நினைக்கக் கூடாது. ஓர் இடுக்கு கிடைத்தால் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது பெருகும். பெருகியவை எல்லாம் சேர்ந்து தங்களைச் சுற்றி ஒரு பசையைச் சுரந்து, அதற்குள்ளே குடியிருக்கும். குளோரின் ஊற்றினால் மேலே கிடப்பது சாகும். பசைக்குள் கிடப்பதற்கு ஒன்றும் ஆகாது. நாளைக்குப் புதுப்பால் வந்ததும் உள்ளேயிருப்பது வெளியே வந்து மறுபடி பெருகும். போதாதற்குப் பாலிலுள்ள சுண்ணாம்பு அதன்மேல் படிந்து கல்லாகி, அதற்குச் சுவர்போல நிற்கும். பல ஆண்டுகளுக்குப் பிறகு நான் ஒரு புத்தகத்தில் நுண்ணுயிர்ப் படலம் என்ற சொல்லைப் படித்தேன். படித்த உடனே என் நகத்தில் வந்த அந்தத் தோல்தான் ஞாபகம் வந்தது.

அதை எப்படிக் கொல்வது என்று கேட்டேன்.

“கொல்லுறது பிறகு,” என்றா மிஸ். “முதல்லை அதின்ர வீட்டை இடிக்கவேணும். வீடு கிடக்குமட்டும் என்ன மருந்து ஊத்தினாலும் வேலையில்லை.”

வீடு இடிக்கப்பட்டு வந்த எங்களுக்கு அந்தச் சொல் முதலில் உறுத்தியது. கொலனிப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாதான் சிரித்தார்.

“இந்த வீட்ட இடிக்கலாம் புள்ள. பாவமே கெடையாது.”

மறுநாள் லொறி போனதும் இடிக்கத் தொடங்கினோம். ஒருவரும் கூப்பிடாமலே வீதியோரத்துப் பெண்களும் வந்துவிட்டார்கள். மிஸ் வழியை மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தா: சோடா கொழுப்பையும் பசையையும் இளக்கும், புளி கல்லைக் கரைக்கும், ஆனால் தேய்க்காமல் ஒன்றும் வராது, எல்லாம் போன பிறகுதான் சூடு. கருவியும் சாமானும் நாங்கள்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

உடுப்புத் தோய்க்கும் சோடாவை வெந்நீரில் கரைத்துக் கான்களை நிரப்பி ஊறவிட்டோம். தேய்க்கப் போனால், எங்களிடம் இருந்த தும்புப் புருசு ஒன்றும் அந்த மடிப்புக்குள் போகவில்லை. தேங்காய்ப் பொச்சு மட்டையைக் கொடுத்துப் பார்த்தோம். அது கழுத்தோடு நின்றது. கைவிரலை உள்ளே விட்டவர்களுக்குத் தகர விளிம்பு வெட்டியது. நான் சங்கத்தின் பின்சுவரில் சாத்திக் கிடந்த உடைந்த சைக்கிள் சில்லிலிருந்து ஒரு கம்பியைக் கழற்றினேன். நுனியைக் கொக்கிபோல வளைத்து, அதில் தேங்காய்த் தும்பை இறுக்கிச் சுற்றிக் கட்டினேன். முதல் கம்பி நெளிந்துவிட்டது. இரண்டு கம்பிகளைச் சேர்த்து முறுக்கியபோது நின்றது. கானைச் சரித்து மடியில் வைத்துக்கொண்டு, மடிப்புக்குள் அதைக் கொடுத்துச் சுற்றி இழுத்தேன்.

முதல் சுற்றில் ஒன்றும் இல்லை. இன்னும் அழுத்தினேன். ஏதோ கிழிவதுபோலக் கையில் உணர்ந்தேன். கொக்கியை வெளியே எடுத்தபோது தும்பில் அந்தத் தோல் நீளமாகத் தொங்கியது. பாம்பு கழற்றிய சட்டைபோல, ஆனால் அழுகல் நாற்றத்தோடு. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினாள். அக்கா மட்டும் கிட்டவந்து குனிந்து பார்த்து, இதுதானா எங்களை இவ்வளவு நாளும் ஆட்டிப்படைத்தது என்று கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன். அது மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. எல்லாரும் கம்பி கேட்டார்கள். அந்தச் சில்லு கொஞ்ச நேரத்தில் மொட்டையாகிவிட்டது.

தோல் போனபிறகு அடியில் சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று கல் தெரிந்தது. பழப்புளியைக் கெட்டியாகக் கரைத்துப் பூசி ஊறவிட்டோம். புளி அந்த வீடுகளில் யாருக்கும் சும்மா வருவதில்லை. ஆனாலும் ஆளுக்கு ஒரு உருண்டை கொண்டுவந்திருந்தார்கள். ஊறியபின் தேய்த்தால் கல் மாவாக உதிர்ந்தது. மறுபடி சோடா, மறுபடி தேய்ப்பு. ஒரு கானில் பற்றவைப்பு விட்டுப்போய் வெடிப்பு ஆழமாக ஓடியிருந்தது. என்ன செய்தும் அதிலிருந்து வழுவழுப்பு வந்துகொண்டே இருந்தது. அதில் மாட்டுத் தவிடு போட்டு வைப்போம், இனிப் பால் ஊற்றுவதில்லை என்று ஒதுக்கினோம். ஒரு கானை இழப்பது செயலாளருக்கு வருத்தம். கொஞ்சம் வாதாடினார். விரலை விட்டுப் பாருங்கள் ஐயா என்றேன். விட்டுப் பார்த்தார். கானைத் தானே தூக்கிக்கொண்டுபோய் மூலையில் வைத்தார்.

மூடிகளின் ரப்பர் வளையங்களிலும் அதே பசை இருந்தது. கழற்றி அவித்தோம். வெடித்தவற்றை வீசினோம்.

கடைசியாகச் சூடு. வெந்நீரை உள்ளே ஊற்றினால் மடிப்புவரை சூடு ஏறுவதற்குள் ஆறிவிடுகிறது. அக்கா தன் வீட்டிலிருந்து நெல் அவிக்கும் பெரிய கிடாரத்தை மாட்டு வண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்தார். புட்டு அவிப்பதுபோல அவிப்போம் என்றார். கிடாரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதன் வாய்க்குக் குறுக்கே பலகை போட்டு, கானைக் கவிழ்த்து வைத்தோம். ஆவி கானுக்குள் ஏறி, கழுத்து முதல் அடிவரை கை வைக்க முடியாத சூடாகியது. மேலே தெளித்த தண்ணீர்த்துளி நொடியில் காய்ந்தது. சாக்கைப் பிடித்து ஒவ்வொன்றாக இறக்கினோம். பாலை மரக் கம்புகளால் ஒரு பரண் கட்டி, வெயிலில், மூடாமல், வாய் கீழாக வைத்தோம். ஈரம் நின்றால் மறுபடி குடியேறும் என்று மிஸ் சொல்லியிருந்தா.

காய்ந்தபிறகு நான் கையை விட்டு மடிப்பைத் தடவினேன். விரல் வழுக்கவில்லை. கிறீச் என்று சத்தம் கேட்டது. அடுத்த கானிலும் அதே சத்தம். பெண்கள் ஒவ்வொருவராக வந்து விரலை விட்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போனார்கள். அம்மா இரண்டு தரம் கேட்டார்.

அடுத்த நாள் பாலோடு நானும் வவுனியாவுக்குப் போனேன். செயலாளர்தான் போகச் சொன்னார். லொறியின் முன் இருக்கையில், சாரதிக்குப் பக்கத்தில். யன்னல் வழியாக அனல் காற்று அடித்தது. வேறு நாளென்றால் அப்படிப்பட்ட வெயிலில் பால் வழியிலிருக்கும் ஓமந்தையைக்கூடத் தாண்டாது என்று சாரதி சொன்னார்.

குளிரூட்டும் நிலையத்தில் வெள்ளை ஓடு பதித்த ஒரு கூடம். ஒவ்வொரு ஊர்க் கானும் வரிசையாக நின்றது. ஒருவர் நீளக் கரண்டியால் கானைக் கலக்கி, கொஞ்சம் பாலைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, அதே அளவு ஸ்பிரிட் விட்டுக் குலுக்குவார். குழாயின் சுவரில் சின்னச் சின்னத் துணுக்குகள் ஒட்டினால் பால் கெடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். எங்களுக்கு முந்திய ஊரின் கானொன்றில் துணுக்கு ஒட்டியது. சிவப்புச் சோக்கு வந்தது. பிறகு எங்கள் முறை.

அவர் ‘கொ’ என்ற எழுத்தைப் பார்த்தார். அந்த எழுத்து அவருக்குப் பழக்கம். குழாயைக் குலுக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். கண்ணாடியில் பால் வழுவழுவென்று ஒரே சீராக இறங்கியது. துணுக்கில்லை. அவர் நம்பாமல் இன்னொரு குழாய் எடுத்தார். அதிலும் இல்லை. அடுத்த கான். அதற்கடுத்தது. ஒன்றில்கூட இல்லை. வேலையை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இது எந்த இடத்துப் பால், பிள்ளை?”

“கனகராயன்குளம்,” என்றேன். “நாங்க கனகராயன்குளம்.”

வந்து இத்தனை ஆண்டுகளில் அந்த ஊரின் பெயரை நான் என் ஊராகச் சொன்னது அதுதான் முதல் தடவை. எவ்வளவு லேசாக வாயில் வந்தது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. உள்ளேயிருந்து மிஸ் வந்து குழாயைப் பார்த்தா. என் தோளில் கையை வைத்து, இனி நாள்தோறும் செய்யவேணும் என்று மட்டும் சொன்னா. அந்தப் பாராட்டு எனக்குப் போதும்.

நாள்தோறும் செய்தோம். அதுதான் கடினமான பகுதி. ஒருமுறை இடித்துவிட்டால் முடிந்தது என்று இருக்க முடியாது. பால் காலியான கானில் அரை நாள் ஈரம் நின்றால் போதும், கிருமி மறுபடி தன் வீட்டுக்கு முதல் கல்லை வைத்துவிடும். லொறி வந்த உடனே முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். வெந்நீரை முதலில் விட்டால் பால் வெந்து ஒட்டிவிடும். பிறகு சோடா வெந்நீர், கம்பி, ஆவி, பரண். வெள்ளிக்கிழமைகளில் புளி. வீதியோரத்துப் பெண்களும் கொலனிப் பெண்களும் கலந்தே முறைக்கு வந்தார்கள். முறை முடிந்து போகிறவர் மடிப்பைத் தடவிச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று நாங்களே சட்டம் வைத்துக்கொண்டோம். அந்த வேலையோடு கதையும் வளர்ந்தது. எந்த வீட்டில் கலியாணம், எந்த மாடு சினை, யாருடைய வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்பதெல்லாம் அந்தக் கிடாரத்தைச் சுற்றித்தான் தெரியவந்தது.

சித்திரையும் வைகாசியும் கடும் வெயிலாகப் போயின. மற்ற ஊர்களிலிருந்து பால் திரும்பியது. எங்கள் கான்கள் கலகலவென்றே இறங்கின. ஒருநாள் காலை நான் வந்தபோது செயலாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடியில் குந்தியிருந்தார். மண்ணெண்ணெயும் மணலும் போட்டு, பழைய கான்களிலிருந்து ‘கொ’வைத் தேய்த்துக்கொண்டிருந்தார். உதவிக்குப் போனேன். வேண்டாம் என்றுவிட்டார். அன்றிலிருந்து யாருடைய பால் எந்தக் கானில் என்ற பேச்சே எழவில்லை. கையில் அகப்பட்ட கானில் ஊற்றினோம்.

அந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அக்கா எழுந்து என் பெயரைச் செயற்குழுவுக்குச் சொன்னார். கொலனியிலிருந்து யாரும் அதற்கு முன்பு அதில் இருந்ததில்லை. எதிர்த்து ஒருவரும் பேசவில்லை. லயத்துச் சுத்தம் பற்றி அன்று மேசைக்கு முன்னால் நின்று கதைத்தவரும் கையை உயர்த்தினார். முன்னால் போட்டிருந்த கதிரையில் போய் இருக்கச் சொன்னார்கள். இருந்தேன். கொலனிப் பெண்கள் எல்லாரும் பின்வரிசையில் நின்று கை தட்டினார்கள். அவர்களுடைய கை தட்டல்தான் கடைசியாக ஓய்ந்தது.

அதற்குப் பிறகு மிஸ் சொல்லி மற்றச் சங்கங்களிலிருந்தும் கூப்பிட்டார்கள். முதலில் கண்டாவளை. அங்கே வயல் வேலைக்கு நடுவில் மாடு வளர்ப்பவர்கள் நிறையப்பேர். அவர்களுக்கும் அதே தொல்லை. பஸ் ஏறிப் போய், பிறகு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் போனேன். பத்திருபது பெண்கள் கான்களோடு காத்திருந்தார்கள். நான் ஒன்றும் விளக்கவில்லை. ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் கானுக்குள் விட்டேன். முகம் சுளித்துக் கையை வெளியே எடுத்த ஒருத்தி, இந்தச் சனியனை எப்படித் துரத்துவது சொல்லுங்கோ மிஸ் என்று கேட்டாள். என்னைத்தான் மிஸ் என்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

வீட்டுக்கு வந்து அதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார். என்ன சொன்னாங்க, திரும்பச் சொல்லு என்றார். சொன்னேன். அடுப்பிலிருந்த ரொட்டியை என்னிடம் விட்டுவிட்டு, கையில் ஒட்டிய மாவோடு, பக்கத்து வீட்டுக்குச் சொல்லப் போய்விட்டார். பிறகு அதற்கு அடுத்த வீட்டுக்கும். அவருடைய குரல் கொலனியின் கடைசி வீடுவரை போய்க் கேட்டது.